நெட்டா எரித்த கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே லெக்ஸ் இம்ரி பஸ்ஸைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"பஸ் வந்தாச்சா? பசங்க எல்லாரும் ஏறிட்டாங்களா?" என்று கேட்டபடி வாசல் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். வெளியே மழையைத் தவிர வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"இன்னிக்கு மேட்ச் இல்லங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். கஞ்சி ஆறுது, வந்து உட்காருங்க," என்றாள் நெட்டா. விடிந்ததிலிருந்து இதை ஐந்தாவது முறையாகச் சொல்கிறாள். முதல் முறை சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

லெக்ஸின் அக்கா இனா மேசையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் யாரையாவது குத்தாவிட்டால் பொழுது போகாது.

"நல்லா இருந்த மனுஷன். வெளியில விடாம இப்படி அடைச்சு வெச்சா யாருக்குத்தான் புத்தி கெடாது?" என்றாள்.

"ரெண்டு தடவை கடற்கரைப் பக்கம் போய் வழி தெரியாம நின்னுட்டார், அக்கா. அதனாலதான்..."

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பே. நான் டெரெக்குக்குப் போன் பண்ணிட்டேன். அவன் கார்லதான் போறோம். வந்துட்டே இருக்கான்."

நெட்டாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. டெரெக் அவள் பெற்ற ஒரே பிள்ளை. அவன் அவளோடு பேசி எட்டு வருஷமாகிறது.

லெக்ஸ் இம்ரி யார் என்று எங்கள் கில்பாரியில் யாரும் கேட்க மாட்டார்கள். பதினெட்டு வருஷம் கால்பந்தில் நடுத் தடுப்பாட்டக்காரராக நின்றவர். மழையில் ஊறிய தோல் பந்து சாக்கு மூட்டை மாதிரி கனக்கும். அதை நெற்றியால் முட்டி அனுப்பிவிட்டு, அடுத்தது எங்கே என்று பார்ப்பார். ஒரே ஒரு முறை ஸ்காட்லாந்து தேசிய அணியின் சட்டை போட்டார், கடைசிப் பதினொரு நிமிஷம். அந்தப் பதினொரு நிமிஷத்தைப் பற்றி அவர் பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு சீசன் வரும்.

முழங்கால் போன பிறகு ஊர் கிளப்பான கில்பாரி திசிலுக்குக் கோச் ஆனார். கையளவு கிளப். தலைவர் கசாப்புக் கடைக்காரர். சலவைக்குத் தனியாக ஆள் கிடையாது, கோச்சின் மனைவிதான் ஆள். சனிக்கிழமை சாயங்காலம் சேற்றோடு சட்டைகளெல்லாம் நெட்டாவின் சமையலறைக்கு வந்துவிடும். கிளப்புக்கு வரும் கடிதங்களும் அவள் வீட்டுக் கதவு வழியாகத்தான் விழும். பதினேழு வருஷம் துவைத்தாள். யாரும் நன்றி சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில் கில்பாரி திசில் கோப்பைப் போட்டியில் ஒரு பெரிய டீமை ஜெயித்தது. அடுத்த ஆட்டம் கிளாஸ்கோவின் பெரிய கிளப்போடு, அதுவும் எங்கள் மைதானத்தில். அப்பாவைப் போலவே நடுவில் தடுத்து நின்ற டெரெக்குக்கு இருபத்திரண்டு வயது. அவனைத் தங்கள் கிளப்புக்கு எடுக்கலாமா என்று பார்க்க இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜெயித்த மகிழ்ச்சியில் ஊரே பாட்டும் கூத்துமாக இருந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், துவைக்க எடுத்த கணவனின் டிராக்சூட் பையில் நெட்டாவுக்கு ஒரு கடிதம் கிடைத்தது.

முன்கள ஆட்டக்காரன் ஒருவன் மூன்று மஞ்சள் அட்டை வாங்கிவிட்டதால் அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் ஆடக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் எழுதியிருந்தது. உறை பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பையனின் பெயருக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு. அன்று இரண்டு கோலையும் போட்டவன் அவன்தான்.

மறுநாள் காலை அவள் அதை லெக்ஸிடம் காட்டினாள். முதல் தடவை படிப்பவரைப் போலப் படித்தார். கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நெட்டா, இது என் கோடுதான். ஆனா இந்தக் கடிதத்தை நான் பார்த்ததே இல்ல."

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. மைதானத்தில் மூக்கு உடைந்தபோதுகூட முகம் சுளிக்காதவர், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. முக்கியமா டெரெக்குக்குத் தெரியக் கூடாது. அப்பனுக்குப் புத்தி தடுமாறுதுன்னு அவன் தெரிஞ்சுக்கக் கூடாது... சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள். கடிதத்தைக் கணப்பில் போட்டு எரித்தாள். திங்கட்கிழமை, சங்கம் விளக்கம் கேட்டதும், கமிட்டிக்காரர்கள் ஈரக் கோட்டோடு முன்னறையில் வந்து உட்கார்ந்து, "லெக்ஸ், கடிதம் வந்துதா இல்லையா?" என்று கேட்டபோது, லெக்ஸ் மனைவியைப் பார்த்தார்.

"என் கையிலதான் வந்துது. துணிக் குவியல்ல வெச்சேன், மறந்துட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் நெட்டா.

ஆடக் கூடாதவனை ஆடவிட்டதற்காகத் திசில் கோப்பையிலிருந்து நீக்கப்பட்டது. லெக்ஸின் வேலை இன்னும் இரண்டு வருஷம் தப்பியது. டெரெக்கைப் பார்க்க வரவேண்டியவர்கள் வரவே இல்லை.

"ஒரு காகிதத்தை எடுத்துக் குடுக்க உனக்குத் துப்பில்லையா? உன் சோப்பும் வாளியும்தான் உனக்குப் பெருசா? இனிமே எனக்கு அம்மா இல்ல," என்று கத்திவிட்டு வீட்டை விட்டுப் போனவன்தான். இப்போது ஸ்காட்லாந்திலேயே பெர்த் நகரில் லாரி ஓட்டுகிறான். வாரக் கடைசியில் ஏதோ ஒரு சின்ன டீமுக்கு ஆடுகிறான். கிறிஸ்துமஸ் வாழ்த்தில் அப்பா பெயரும் அத்தை பெயரும் மட்டும் இருக்கும். ஊர் அவளுக்குக் 'கடிதக்காரி' என்று பெயர் வைத்தது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? நானும் அந்த வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றவன்தான். எனக்கும் பங்கு உண்டு.

டெரெக் வந்தான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான். வலது புருவத்தில் புதிதாக ஒரு தையல். நெட்டா கண்ணால் அவனை விழுங்கினாள். 'இளைச்சுட்டானே, யார் சமைச்சுப் போடறாங்க...' என்று கேட்கத் துடித்தது. கேட்கவில்லை.

"அத்தை, எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்றான் அவன், அம்மாவைப் பார்க்காமல்.

லெக்ஸ் எழுந்து வந்து அவனைச் சுற்றிப் பார்த்தார்.

"டிரையலுக்கு வந்திருக்கியா தம்பி? எங்க ஆடுவே?"

டெரெக் திகைத்து அத்தையைப் பார்த்தான். பிறகு, "நடுத் தடுப்பு," என்றான் மெதுவாக.

"உயரம் இருக்கு. பந்தை முட்டுவியா?"

"முட்டுவேன்... அப்பா."

"கண்ணை மூடக் கூடாது. கண்ணை மூடினா மூக்கு போயிடும்." லெக்ஸ் அவன் தோளைத் தட்டிவிட்டு மறுபடியும் பஸ்ஸைப் பார்க்கப் போனார்.

நெட்டா டீ போட்டு அவன் முன்னால் வைத்தாள். இரண்டு சர்க்கரை, சின்ன வயதிலிருந்து அவனுக்கு அப்படித்தான். அவன் கோப்பையைத் தொடவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மிர்சா இளம் பெண். பொறுமையாகப் பேசினாள். லெக்ஸிடம் இது எந்த வருஷம் என்று கேட்டாள். "எழுபத்திநாலு," என்றார் தயங்காமல். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தார். கடிகாரம் இல்லை, மைதானத்தின் நடு வட்டம். டெரெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்த மறதியை முதல்ல எப்போ கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்," என்றாள் இனா முந்திக்கொண்டு.

"அவர் மனைவி சொல்லட்டும்மா. சரியான காலம் தெரியணும். அதை வெச்சுத்தான் மருந்து குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்."

நெட்டா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். பொய் சொன்னால் அவருக்கு மருந்து தப்பாகும். உண்மையைச் சொன்னால் அவருக்குச் செய்த சத்தியம் தப்பும். அதுவும் யார் முன்னால்? யாருக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாரோ, அவன் முன்னால். லெக்ஸைப் பார்த்தாள். அவர் வரைந்த வட்டத்தில் இன்னொரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வருஷம் தாண்டிடுச்சு டாக்டர்," என்றாள். "ரெண்டாயிரத்து ரெண்டு அக்டோபர்ல, மைதானத்துல இருந்து வீட்டுக்கு வர வழி தெரியாம ரெண்டு மணி நேரம் கார்ல சுத்தினார். களைப்புன்னு நினைச்சேன். அப்புறம் ஜனவரியில... கிளப்புக்கு ஒரு கடிதம் வந்துது. அவர்தான் பிரிச்சுப் படிச்சார். பென்சிலால கோடுகூடப் போட்டார். ரெண்டு நாள்ல சுத்தமா மறந்துட்டார். படிச்சதே ஞாபகம் இல்ல."

இனாவின் வாய் திறந்தபடியே இருந்தது. டெரெக் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினான்.

டாக்டர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இத்தனை வருஷம் ஆயிடுச்சுன்னா, அந்த மருந்தால இனிமே பெருசா பலன் இருக்காது. உங்ககிட்ட மறைக்க விரும்பல."

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள் நெட்டா.

"கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கலாம். நிறுத்தியிருக்க முடியாது." டாக்டரின் கண் டெரெக்கின் புருவத் தையலில் நின்றது. "நீங்களும் பந்தைத் தலையால முட்டி ஆடறீங்களா?"

"ஆமா. அப்பா மாதிரிதான்."

அவள் காகிதத்தில் ஏதோ எழுதினாள். என்ன என்று அவன் கேட்கவில்லை.

தாழ்வாரத்தில் இனாவால் நடக்க முடியவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ரொட்டிக் கடையில நானும்தானே நெட்டா உன்னைப் பத்திப் பேசினேன்... உன் சோத்தைத் தின்னுட்டு..." என்று கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். குத்துவதற்கு அவளிடம் அதற்கு மேல் முத்திரை இல்லை. சற்று நேரம் தனியாக இருக்க விடுங்கள் என்று சைகை காட்டினாள்.

நெட்டா லெக்ஸை அழைத்து வந்து காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். நிமிர்ந்தபோது டெரெக் எதிரில் நின்றான்.

"ஏம்மா சொல்லல?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட 'அம்மா'. அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கேட்டுக்கிட்டார்."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே..."

"உன்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்."

அவன் உடைந்தான். ஆறடி மூன்றங்குல ஆள் மழையில் நின்று சின்னப் பிள்ளையைப் போல அழுதான். அம்மாவை இழுத்து அணைத்துக்கொண்டான். அவள் தலை அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குத்தான் எட்டியது.

"எட்டு வருஷம்மா... ஒரு கார்டுலகூட உன் பேரை எழுதல நான். நீ எப்படித் தாங்கினே?"

"நீ ஆடறியா, சாப்பிடறியான்னு அத்தைக்கு வர்ற கார்டைப் படிச்சுத் தெரிஞ்சுக்குவேன். அழாதேப்பா."

"ஊருக்கே சொல்றேன். வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

"ஊரை விடு. நீ வந்துட்டே, அது போதும்."

ஜன்னல் வழியாக லெக்ஸ் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிவாக இருந்தது. பல மாதங்களாக நெட்டா பார்க்காத தெளிவு.

"தம்பி, அவளுக்காக அழாதே," என்றார். "அந்தக் கடிதத்தைத் தொலைச்சது அவதான்."

நெட்டா மகனின் அணைப்பிலிருந்து விலகினாள்.

"துணிக் குவியல்ல வெச்சுட்டு மறந்துட்டா. என்கிட்ட குடுத்திருந்தா நான் அந்தப் பையனை இறக்கியிருப்பேனா? எனக்கு ஒரு மகன் இருந்தான், தம்பி. நல்ல ஆட்டக்காரன், என்னைவிட நல்லாவே ஆடுவான். இவளாலதான் வீட்டை விட்டுப் போயிட்டான்."

"அப்பா, அது அப்படி இல்ல..." டெரெக் பாய்ந்து ஜன்னலருகே போனான். நெட்டா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். துவைத்துத் துவைத்து இறுகிய கை, அவனால் விடுவிக்க முடியவில்லை.

"வேண்டாம்ப்பா. சொன்னா இப்போ புரியும், பயந்து போயிடுவார். நாளைக்கு மறந்துட்டு மறுபடியும் கேட்பார், மறுபடியும் சொல்லணும். எத்தனை தடவை அவரை, அன்னிக்கு உட்கார்ந்து நடுங்கின அந்தச் சமையலறை நாற்காலியில உட்கார வெப்பே?"

"அதுக்காக நீ..."

"எட்டு வருஷம் சொன்ன பொய்தானே. பழகிடுச்சு."

அவள் சுற்றிப் போய்ப் பின் இருக்கையில் ஏறினாள். டெரெக் கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். லெக்ஸ் அவனிடம் குனிந்து, மனைவியின் காதில் விழக் கூடாது என்பது போல, ஆனால் நன்றாக விழும்படி சொன்னார்:

"இத்தனை வருஷத்துல ஒரு மன்னிப்புகூடக் கேட்கல அவ."

நெட்டா முன்னால் சாய்ந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"என் தப்புதாங்க. என்னை மன்னிச்சிடுங்க."

லெக்ஸ், கோல் விட்ட பையன்களிடம் பேசும் அந்தப் பழைய கோச் குரலில், "சரி, போனது போகட்டும் விடு," என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

டெரெக் சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.