ஞாயிற்றுக்கிழமை வசனம்

அந்த வருஷம் தமிழ்நாடே பழைய ஜோக்குக்குப் புதிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. டிவியில் புதுப்படம் போட்டால் பார்க்க ஆள் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்திய காமெடி போட்டால் வீடே கூடிவிடும். எல்லாம் ‘புதுக்கண்’ செய்த வேலை.

புதுக்கண் என்பது தலையில் மாட்டுகிற ஒரு பட்டை. எந்தப் படத்தை மறக்க வேண்டுமோ, அதிலிருந்து துண்டு துண்டாக ஓட்டிக் காட்டுவார்கள். அப்போது மூளையில் எந்தெந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று பட்டை பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் தூங்க வைத்துவிடும். வலி கிடையாது. எழுந்து வந்தால் அந்தப் படத்தைப் பார்த்த நினைவே இருக்காது. பிறகென்ன, முதல்முறை பார்க்கிற சுகம்தான்! பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சிக்கு ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். இதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குக் கோயில் கட்டினாலும் தகும். மனுஷனை அழவைக்க எத்தனையோ மெஷின் வந்தாயிற்று, சிரிக்க வைக்க ஒன்று வந்தது சின்ன விஷயமா?

ஒரு சங்கதி மட்டும் உண்டு. படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மற்ற நினைவுகளும் சேர்ந்து தூங்கிவிடும். அதற்கு ‘ஒட்டுநினைவு’ என்று பெயர் வைத்து, சொல்லிவிட்டுத்தான் பட்டையை மாட்டினார்கள். யார் காதில் வாங்கினார்கள்? எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தோம் என்பது மறந்தால் குடியா முழுகிவிடும் என்று ஆளாளுக்குத் தலையை நீட்டினார்கள்.

விருதுநகரில் தனுஷ்கோடியும் அப்படித்தான் நீட்டினான். அவனுடைய பிறந்தநாளுக்கு மனைவி சுகன்யா செய்த ஏற்பாடு அது. எந்தப் படம் என்று கேட்டதற்கு அவன் யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் அண்ணன் பால்பாண்டியோடு பாயில் புரண்டு புரண்டு சிரித்த படத்தைச் சொன்னான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு சேனலில் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சுகன்யாவுக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அந்தப் படத்தின் வசனம் அந்த வீட்டில் சும்மா வசனம் இல்லை. ஆனாலும் மறந்தால் என்ன, ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் திரும்ப மனப்பாடம் ஆகிவிடப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அண்ணன் தம்பி கதை தெருவுக்கே தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்த அன்று அவளுடைய சங்கிலியைக் காணவில்லை. சொந்தபந்தம் அத்தனை பேரும் நிற்கும்போது, பால்பாண்டி ஆத்திரத்தில் தம்பியைப் பார்த்துக் களவாணி என்று சொல்லிவிட்டார். மறுநாளே சங்கிலி பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. கிடைத்துவிட்டதென்று மனைவி பொன்ராணியை விட்டுச் சொல்லி அனுப்பினாரே தவிர, தன் வாயால் தப்பு என்று சொல்ல அவருக்கு வரவில்லை. அப்படி ஒரு வீம்பு. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் அவர் கீழே, இவன் மாடியில்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் ஓடியது. கல்யாண வீட்டில் லட்டு திருட வந்தவன் பலகாரம் அடுக்கி வைக்கிற உக்கிராண அறைக்குள் மாட்டிக்கொள்வான். வீட்டுக்காரர் கம்போடு வாசலில் நின்று, “அடேய் களவாணிப் பயலே, கதவத் தொறடா” என்பார். உள்ளேயிருந்து பதில் வரும்: “வெளிய வந்தா அடிப்பீங்க. உள்ளயே இருந்தா சோறு போடுவீங்களா?”

படத்தில் வசனம் வருவதற்குள் நாமே சொல்லிவிடுவதுதானே நம்முடைய வழக்கம்! பால்பாண்டி அன்றைக்கு மாடிப்படியைப் பார்த்து முதல் வசனத்தைக் கத்தினார். கத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேலேயிருந்து பதில் வசனம் வந்தது. மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு, படம் வருகிற ஞாயிறெல்லாம் அதே கேள்வி, அதே பதில். வேறு பேச்சே இல்லை. தாம் மன்னிப்புக் கேட்டாயிற்று, தம்பியும் மன்னித்தாயிற்று என்று பால்பாண்டி நிம்மதியாக இருந்தார்.

தனுஷ்கோடி தலையை நீட்டிவிட்டு வந்த அடுத்த ஞாயிறும் படம் வந்தது. மாடியில் அவன் புதுப்படம் பார்க்கிற ஆசையோடு உட்கார்ந்திருந்தான். கீழே பால்பாண்டிக்கு இது எதுவும் தெரியாது. லட்டுத் திருடன் அறைக்குள் நுழைந்ததும் அவர் வழக்கம்போல மேலே பார்த்துக் கத்தினார்.

பதில் வசனம் வரவில்லை. தம்பியே வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. படத்தோடு ஒட்டியிருந்த ஞாயிறெல்லாம் அவனுக்குள் தூங்கிவிட்டன. அம்மா இறந்த நாள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது.

“இத்தன வருஷம் கழிச்சும் அதத்தான் சொல்றியாண்ணே?”

பின்னாலேயே ஓடிவந்த சுகன்யா மூச்சு வாங்க, புதுக்கண் விஷயத்தைப் பெரியவர்களிடம் சொன்னாள். பால்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா என்று டிவியைக் காட்டி, ஒரு நிமிஷம் பொறு, இப்ப வரும் பாரு என்றார். காட்சி வந்துவிட்டால் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

பொன்ராணி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

“படத்த விடுங்க. நீங்க சொல்லுங்க,” என்றாள்.

அவர் சங்கடத்தோடு தம்பியைப் பார்த்தார். “அதான் சொல்லிட்டேனேடா. வாராவாரம் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“எப்ப சொன்ன? அன்னைக்கிலிருந்து நீ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.”

பால்பாண்டி மனசுக்குள் துழாவிப் பார்த்தார். தம்பி சொன்னது சரிதான். கத்தியதெல்லாம் யாரோ படத்துக்கு எழுதிக் கொடுத்தது. தன் சொல்லாக ஒன்றுகூட அகப்படவில்லை. அதுவும் எந்த வார்த்தையால் தம்பியைக் குத்தினாரோ, அதே வார்த்தையைத்தான் வாராவாரம் கத்தியிருக்கிறார். எத்தனையோ படத்து வசனம் மனப்பாடம், இந்த இடத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தட்டுத்தடுமாறித்தான் பேச்சு வந்தது.

“சங்கிலிய நீ எடுக்கலடா. கெடச்ச அன்னைக்கே நான் மேல வந்து சொல்லியிருக்கணும். அத்தன பேர் முன்னால உன்ன அப்படிப் பேசுனது என் தப்பு. மன்னிச்சிரு, தம்பி.”

தனுஷ்கோடி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீதிப் படத்தையாவது பார்க்கட்டும் என்று பொன்ராணி மறுபடி ரிமோட்டை எடுத்தாள். அவன் வேண்டாமென்று கையைக் காட்டினான். அவன் பார்வை அண்ணன் முகத்தை விட்டு நகரவில்லை.

“இன்னொரு தடவ சொல்லுண்ணே.”

பால்பாண்டி சொன்னார்.