அருவி கொண்டுபோகாதது

“ஏட்டி, அந்தக் காய்ச்சல் எங்கட்டி போச்சு?” என்று பக்கத்து வீட்டுச் சுகிர்தம் ஒருதரம் கேட்டாள்.

“அருவி அடிச்சிட்டுப் போயிட்டு” என்று சிரித்தாள் ஆவுடையம்மாள்.

அது எண்பத்தாறாம் வருஷம். குறைப்பிரசவத்தில் ரத்தம் போய், ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இருபது நாளில் காய்ச்சல், மேலெல்லாம் தடிப்பு. குற்றாலத்துக்காரர்கள் எதற்கும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றாள். மூன்றே நாளில் விட்டுவிட்டது.

எண்பத்தொன்பதில், அடுத்துப் பிறந்த பெண் ஐந்தாம் மாதம் வற்றி இறந்தது. அது போய் ஒன்றரை மாதம் ஆன இன்று காலை தென்காசி டாக்டர், மெட்ராஸிலிருந்து வந்த அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்தார்.

“எய்ட்ஸ் கிருமிம்மா. அன்னைக்கு ஏத்துன ரத்தத்துல வந்தது; காய்ச்சலோட அது போகல, உள்ளே இறங்கியிருக்கு. உடம்பைக் காக்குற அணுவுக்குள்ளயே புகுந்து, அதோட எழுத்துல தன் எழுத்தையும் சேர்த்துரும். அப்புறம் அந்த அணுவே அதைப் பெத்துப் பெத்துப் போடும். சிலதுல சத்தமில்லாம உறங்கும். எடுக்க முடியாது. பால்லயும் வரும்.”

வீட்டில், அவள் கூலிக்குத் துவைக்கும் லாட்ஜுப் போர்வைகளின் ஈர நாற்றமும் சாரலின் குளிரும் தைல வாடையும் சுவரெல்லாம் ஊறிக் கிடக்க, தூரத்து அருவிச் சத்தம் காதைப் பொத்தியபோதும் நிற்காமல், தோலுக்கு அடியிலிருந்தே வருவதுபோல் இரைந்துகொண்டிருந்தது.

வாசலில் குழந்தை அழுதது. சுகிர்தத்தின் கைப்பிள்ளை ஆதம். தாயிடம் பால் இல்லை. ஒரு மாதமாக ஆவுடையம்மாளின் பால்தான்.

மார்பு கசிந்தது. அவளைக் கேட்காமலே.

“என்னட்டி, செலை கணக்கா இருக்கே? ஒம் மருமவன் பசில கத்துதான் பாரு!” சுகிர்தம் பிள்ளையை அவள் மடியில் போட்டாள். அவனுக்கு வழி தெரியும். கவ்விக்கொண்டான்.

ஒரு மிடறு. சொல்ல வேண்டும். இன்னொன்று. இன்னொன்று.

“சுகிர்தம்... என் பால்ல நோய் இருக்கு. எம் பிள்ளை அதுலதான் போச்சு.”

“வெளாடாதட்டி.”

“டாக்டர் சொன்னாரு.”

சிரிப்பு முகத்திலேயே நின்றது. சுகிர்தம் பிள்ளையின் கடைவாயில் விரலை விட்டு அவனை மார்பிலிருந்து பிடுங்கினாள். முந்தானையை விரலில் சுற்றினாள். நாக்கைத் துடைத்தாள். ஈறை. தொண்டையை. பிள்ளை திணறியது. துடைத்தாள்.

முந்தானையில் வெள்ளை. பிறகு சிவப்பு.

பிள்ளையின் வாயிலிருந்து விரலை எடுக்காமலே அவனைத் தூக்கிக்கொண்டு எழுந்து, சாரலுக்குள் நடந்தாள்.