நோவுப்பாலம்

அன்று காலை பூங்கோதை வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் காலில் எந்தக் குறையும் இல்லை. சற்று முன் சிகிச்சை முடிந்து போன நாயின் இடுப்புவலி அவள் உடம்பிலிருந்து இன்னும் வடியவில்லை.

நோவுப்பாலம் என்ற கருவி வந்தபின் விலங்கு இயன்முறை மருத்துவர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான். ஒரு பட்டை விலங்குக்கு, இன்னொன்று மருத்துவருக்கு. விலங்கின் நரம்பில் ஓடும் வலி மருத்துவரின் உடம்பில் சன்னமாகக் கேட்கும். கூடவே அதன் அச்சமும் கொஞ்சம் கசியும். எங்கே நோகிறது என்று இனி யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

கோவைக்கு வெளியே இருந்த அவளுடைய மறுவாழ்வு நிலையத்தின் வாசலில் குதிரை ஏற்றும் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவரை அவள் உடனே அடையாளம் கண்டாள். டாக்டர் ராஜரத்தினம்.

அவளுடைய முதல் வேலை அவருடைய குதிரை லாயத்தில்தான். பந்தயக் குதிரை ஒன்றை ஓடவிடக்கூடாது என்று அவள் தடுத்தாள். அவர் ஓடவிட்டார். குதிரை பாதித் திடலில் கால் முறிந்து விழுந்து செத்தது. அவள் கொடுத்த பயிற்சிதான் காரணம் என்று விசாரணையில் அவர் கூசாமல் சொன்னார். அதன்பிறகு எந்த லாயமும் அவளை உள்ளே விடவில்லை. தெருநாய்களையும் கறவை எருமைகளையும் நடக்கவைத்தே அவள் தன் பெயரை மீட்டாள்.

"கோதை, காஞ்சனாவுக்கு முன்னங்கால் தசைநார் கிழிஞ்சிருச்சு. உன்ன விட்டா ஆளில்லைங்கறாங்க" என்றார். குரல் தளர்ந்திருந்தது.

"பாக்கறேனுங்க. ஆனா பட்டைய நீங்கதான் கட்டிக்கோணும். உங்க குதிரைதானுங்களே."

அவர் மறுக்கவில்லை. ஒரு பட்டையைக் குதிரைக்குக் கட்டி, மற்றதை அவருடைய இடுப்பில் இறுக்கினாள். பிறகு, அவர் பார்க்காதபோது, வலி முழுதாகப் பாயும்படி, அதை மட்டுப்படுத்தும் திருகைத் திறந்துவிட்டாள்.

குதிரையின் காலைத் தூக்கி மெல்ல நீட்டினாள். ராஜரத்தினம் அலறி மண்டியிட்டார். அந்த அலறல் அவளுக்கு இனித்தது. அந்த இடத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். காலுக்குத் தேவையான நீட்சி அவ்வளவுதான். அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவர் தரையில் சுருண்டார். இன்னும் கொஞ்சம்.

"என்னைய என்ன வேணா பண்ணு. அவள விடு!" என்று அவர் கத்தினார். "நீ வேணும்னு இழுக்கறேன்னு அவளுக்குத் தெரியுது கோதை! எனக்குள்ள கேக்குது!"

பூங்கோதை சட்டென்று காலை விட்டாள். குதிரையின் உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கியது. அவர் தவழ்ந்துபோய் அதன் நெஞ்சில் முகத்தைப் பதித்துக்கொண்டார். "இப்படித்தானே அன்னிக்குத் திடல்ல அதுக்கும் வலிச்சிருக்கும்" என்று முனகினார்.

இத்தனை வருடம் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டபோது அதில் ஒரு ருசியும் இல்லை.

மறுநாள் திருகைப் பழைய அளவில் வைத்து, பட்டையைத் தானே கட்டிக்கொண்டு காஞ்சனா நின்ற லாயத்துக்குள் போனாள். கால்வலி வரும் என்று காத்திருந்தாள். வலிக்கு முன்னால் வேறொன்று வந்தது. வாய் உலர்ந்தது, முதுகுத் தோல் சிலிர்த்தது, எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. யாரைக் கண்டு இந்தப் பயம் என்று திரும்பிப் பார்த்தாள். லாயத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கையை நீட்டினாள். அவளுடைய கை நெருங்க நெருங்க அவளுக்கே மூச்சு முட்டியது. குதிரை சுவரோடு ஒடுங்கியது.

வெளியே வந்து, பட்டையைக் கழற்றி, அங்கே காத்திருந்த ராஜரத்தினத்திடம் நீட்டினாள்.

"நீங்களே பண்ணுங்க. நான் வெளிய நின்னு சொல்றேன்."

"எனக்குத் தெரியாதே கோதை."

"முழங்காலுக்குக் கீழ கையக் குடுங்க. இழுக்காதீங்க. அவளா குடுக்கற வரைக்கும் பொறுங்க."

கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று அவள் பார்த்தாள். காஞ்சனா வெகுநேரம் தயங்கியது. பிறகு தலையைத் தாழ்த்தி, நொந்த காலை அவருடைய உள்ளங்கையில் வைத்தது.