தலையில்லாமல் நின்ற கப்பல்

சித்திரபுரத்தில் இன்பமேரியின் டீக்கடைக்குச் சிவசங்கரி டீச்சர் ஓடி வந்தபோது கையில் குடை மடக்கியபடியே இருந்தது, தலை நனைந்திருந்தது.

"மேரியக்கா, எங்க கப்பலோட டிராகன் தலையைக் காணோம். வேல்முருகன் அண்ணன்தான் ரிசார்ட்டுக்கு வித்துட்டாருன்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு. பள்ளிக் கண்காட்சி மேளாவுக்குக் கிளம்புறதுக்குள்ள கிடைக்கலேன்னா அண்ணனை வேலையை விட்டு நிறுத்திருவாராம்."

இன்பமேரி போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமாக அடுப்பை அணைத்தார். பக்கத்து ஜீப் டிரைவர் நல்லதம்பி, யாரும் கூப்பிடாமலே வண்டியைக் கிளப்பினான்.

எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் ஒரு மாதமாக வைக்கிங்குகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார். வடகடல் ஓரத்து மக்கள். உழுதார்கள், மீனை உலர்த்தினார்கள், நீண்ட கப்பலில் தூர தேசம் போனார்கள். பிள்ளைகள் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அப்படி ஒரு கப்பல் செய்தார்கள். அதன் டிராகன் தலையைச் செதுக்கிக் கொடுத்தவரே காவலாளி வேல்முருகன்தான்.

"நான் செஞ்சதை நானே திருடுவனாக்கா?" என்றார் அவர், ஜீப் பள்ளிக்கு வந்து சேர்ந்ததும்.

"ரிசார்ட்காரர் விலை கேட்டப்போ சிரிச்சுக்கிட்டு நின்னியே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பின்ன அழவா சார்?"

கப்பல் சமையற்கட்டு வராந்தாவில் நின்றது. "வகுப்புக் கூரை ஒழுகுச்சு. நேத்து சாயங்காலம் நானும் அண்ணனும் இங்க தூக்கி வெச்சோம்" என்றார் டீச்சர். "சமையல் பூமாரியக்கா அப்போ பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. இன்னைக்குச் சனிக்கிழமை, அவங்க வரல."

இன்பமேரி குனிந்து பார்த்தார். தலையைப் பிடித்திருந்த மர ஆணி, அதே துளையில் திரும்பச் செருகப்பட்டிருந்தது. அதன் மேல் மஞ்சளாக ஒரு விரல் தடம்.

"இன்னொரு ஜீப் ஓட்டுற ஜிபின்தான்க்கா" என்றான் நல்லதம்பி. "அவன் ஜீப் மூஞ்சில மாட்டணும்னு ஆசைப்பட்டான்."

"உனக்கு அந்த ஆசை இல்லையாக்கும்?"

"இருந்துச்சு. அதை விடுங்க."

"டீச்சர், அந்தத் தலையைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"கடல்ல எதிரியைப் பயமுறுத்தத்தான்னு சொன்னேன். சொந்தக் கரை தெரிஞ்சதும் கழற்றிருவாங்களாம். அங்க மண்ணைக் காக்குற தெய்வங்க மிரண்டுரக் கூடாதுல்ல."

இன்பமேரி நிமிர்ந்து, கப்பலின் மூக்கு போகும் திசையில் பார்த்தார். சரிவுக்குக் கீழே முனியாண்டி கோயில்.

"திருடுறவன் ஆணியைத் திரும்பச் செருகி வைக்க மாட்டான்" என்றார். "மறுபடி மாட்ட நெனைக்கிற ஆளுதான் செருகும். கழற்றின கை மஞ்சள் தொட்ட கை. அந்தச் சமையற்கட்டுச் சன்னல் உங்க வகுப்பைப் பார்த்துத்தான இருக்கு? வகுப்புக்குள்ள இருந்தவரைக்கும் கப்பல் சுவரைப் பார்த்து நின்னுச்சு, தலையை யாரும் தொடல. இங்க வந்து முனியாண்டியைப் பார்த்ததும் பாடம் கேட்ட ஒருத்தங்க மனசு பொறுக்கல. சமையற்கட்டைத் திறங்க சார்."

அரிசி டிரம்மின் மேல், துவைத்த சாக்கில் சுற்றிய டிராகன் தலை இருந்தது.

நல்லதம்பி போய்ப் பூமாரியை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து அழைத்து வந்தான். அவர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைச் சொல்லணுமாக்கும்? பாடம் எடுத்ததே டீச்சர்தான, தெரியும்னுல்ல நெனைச்சேன். அய்யோ வேலு, உன்னையவா சொன்னாங்க?"

வேல்முருகன் இன்பமேரியின் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்குக் கண் கலங்கியது. "நான் நடத்தினதை நீங்க இவ்வளவு நம்பிக் கேட்டிருக்கீங்க. நன்றிக்கா" என்றார்.

ஹெட்மாஸ்டர் வேல்முருகனையும் பூமாரியையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் மேளாவுக்கு வரணும்" என்றார்.

கப்பல் ஜீப்பின் கூரையில் ஏறியது; தலை வேல்முருகனின் மடியில் வந்தது. கோயில் வளைவு தாண்டியதும் ஹெட்மாஸ்டரே வண்டியை நிறுத்தச் சொன்னார். "பூமாரி, இப்ப மாட்டலாமா?"

பூமாரி திரும்பிப் பார்த்தார். "கோயில் மறைஞ்சிருச்சு சார். மாட்டலாம்."

ஹெட்மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து மர ஆணியை எடுத்து வேல்முருகனிடம் நீட்டினார்.

"நீயே மாட்டுப்பா. உன் வேலை இது."