பீரோவுக்குள் புளித்த ஒயின்

ஜானட் துணிப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்த வேகத்திலேயே அவளுடைய வயிற்றெரிச்சல் தெரிந்துவிட்டது. யார் மீது என்பதுதான் பாக்கி.

"மோந்து பாருங்க பாய். ஒயினா இது? வினிகரு!"

உபைதுல்லா பாய் மோந்து பார்க்கவில்லை. துறைமுகத்தில் கெட்டுப்போன சரக்கைப் பார்த்து, அது கப்பலில் ஏறும் முன்பே கெட்டதா, ஏறிய பிறகு கெட்டதா என்று எழுதிக்கொடுத்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு ராயபுரத்துக்காரர்கள் தங்கள் வீட்டு வில்லங்கங்களையும் அவரிடமே கொண்டுவந்தார்கள். ஆனால் ஒயினை அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. அதனால் மோந்து பார்த்து முகம் சுளிக்கும் வேலை பகலவனுக்கு வந்தது.

பகலவன் காலையில் வியாசர்பாடியில் பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பான். மீதிப் பொழுதெல்லாம் பாய்க்குப் பின்னால்தான். மூன்று வருடமாக அவனுக்கு ஒரே ஆசை. பாய் வாயைத் திறக்கும் முன் ஒரு தடவையாவது தான் சொல்லிவிட வேண்டும். இதுவரை நடக்கவில்லை. பாய்மீது அவனுக்கு மரியாதை அதிகம்; பொறாமை அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"எம் பொண்ணு ஜெரினாவுக்கு எண்ணூர்ல மாப்ள பாத்துகீறோம்," என்றாள் ஜானட். "போன ஞாயித்துக்கெழமை அவங்க வூட்டுக்குப் பரிசா, வூட்ல போட்ட ஒயின் எடுத்துகினு போனேன். இருவது பேர் குடிச்சாங்க, இருவது பேரும் துப்புனாங்க. மாப்ளயோட அம்மா, வேணும்னே அவமானப்படுத்திட்டீங்கன்னு எந்திரிச்சிடுச்சி. இந்த ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சி ஊருக்கு அறிவிக்கணும். அதுக்குள்ள யாரு வேலைன்னு தெரியலன்னா ஓலையே வேணாம்னு சொல்லிடுச்சி."

"உனக்கு யார் மேல சந்தேகம்?"

"இதுல சந்தேகம் இன்னா பாய்? மாடில கீறாளே சிலுவையம்மா, என் ஓரகத்தி! இருவது வருசமா ஊரே அவ ஒயினைத்தான் பேசும். எம் பொண்ணுக்கு நல்ல எடம் வந்தது அவளுக்குப் பொறுக்கல."

பாய் நிதானமாகக் கேட்டார். "பாட்டில் எங்க இருந்தது?"

"பீரோல. சாவி என் இடுப்ப வுட்டு எறங்கல."

"மூடி?"

"கார்க்கு மேல நானே செவப்பு மெழுகு உருக்கி ஊத்துனேன். அங்க எல்லார் எதிர்லயுந்தான் ஒடைச்சாங்க."

"உள்ள இன்னா போடுவே?"

"திராட்ச, சக்கர, ஒரு கை கோதும, பட்ட. அவ்ளோதான். அவ மாரி கண்ட மசாலாவும் கொட்ட மாட்டேன்."

பாய் டீ வடிகட்டியை எடுத்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். கறுப்பாக ஏதோ ஒன்று வடிகட்டியில் தங்கியது. அதை மட்டும் மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் இருவரும் மாடி வீட்டுக்குப் போனார்கள். சிலுவையம்மாளின் சமையலறை அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஜானட் கொண்டுவந்தது போலவே எல்லாம் ஒரே காயலான் கடைப் பாட்டில்கள். ஓரத்தில் இருந்தது மட்டும் பாதி காலி.

"இந்த வருசம் ஒயின் எப்டிம்மா?" என்றார் பாய்.

"எப்பவும் போலத்தான்," என்றாள் சிலுவையம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "கிராம்பு போடறது நா ஒருத்திதான். அதான் பேரு."

அவள் புருஷன் உள்ளேயிருந்து சிரித்தார். "ஒயினை வுடு பாய். இவ கைக்கு இன்னாவோ ஆயிடிச்சி. போன வாரம் விந்தாலு வெச்சா, புளிப்பா இருக்க வேண்டிய கறி கேசரி மாரி தித்திக்குது!"

"சும்மா கெட," என்று சிலுவையம்மாள் சீறினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

படியிறங்கும்போதே பகலவன் குதித்தான். "கண்டுபுட்சிட்டேன் பாய்! கார்க்குல ஊசியப் போட்டு வினிகரை ஏத்திகீறாங்க!"

"பூட்டுன பீரோக்குள்ளயா?" என்றார் பாய். பகலவன் மீதிப் படிகளை ஒவ்வொன்றாக எண்ணி இறங்கினான்.

சனிக்கிழமை மாலை ஜானட் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். எண்ணூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஜெரினா அவரை நிமிர்ந்து பார்க்கத் துணியாமல் கதவோரம் நின்றாள்.

"சரக்கு எங்க கெட்டுதுன்னுதான் நா மொதல்ல பாப்பேன்," என்று பாய் ஆரம்பித்தார். "மெழுகு போட்டப்புறம் யாரும் தொடல. பீரோவையும் யாரும் தொறக்கல. அப்போ மெழுகு ஊத்தும்போதே உள்ள வினிகர்தான் இருந்திருக்குது."

சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒயின் எனக்குத் தெரியாது. ஆனா பிரியாணி துண்றவனுக்குக் கிராம்பு தெரியாதா? ஜானட் கிராம்பு போடறதில்ல. அப்போ இது சிலுவையம்மா பாட்டில். ஜானட் பீரோக்குள்ள அத வெக்கக் கூடியவங்க, சாவி வெச்சிருந்த ஜானட் மட்டுந்தான்."

ஜானட் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இவங்க கேட்டாங்க," என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டினாள். "'சிலுவையம்மா ஒயின்னு எண்ணூர் வரைக்கும் பேசறாங்களே, அது உங்க வூடுதானா'ன்னு. என் ஒயினைப் பத்தி ஒரு வார்த்த இல்ல. எனக்குப் பத்திகினு எரிஞ்சிது. அவ ஒயினையே என்னோடதுன்னு குடுக்கலாம்னு, அக்கா கோயிலுக்குப் போனப்போ மேல போய் பாட்டிலை மாத்திட்டேன். அவ ஒயின் கெட்டிருக்கும்னு யார் நெனைப்பா? திருடுவேன்னு தெரிஞ்சே அவதான் வினிகர் வெச்சிட்டான்னு நெனச்சேன்!"

"இந்த வருசம் எனக்குப் புளிச்சிப் போச்சிடி," என்றாள் சிலுவையம்மாள். "ஊர் சிரிக்கும்னு அலமாரியிலயே ஒயின் மாரி வெச்சிருந்தேன்."

"அத விந்தாலுக்கு ஊத்தலாம்னு எடுத்தீங்க," என்றார் பாய். "ஆனா அங்க இருந்தது ஜானட் மாத்தி வெச்ச நல்ல ஒயின். புளிப்பே ஏறலன்னு பாதி பாட்டில் ஊத்திட்டீங்க. அப்பறம் குடிச்சிப் பாத்திருப்பீங்க. பாட்டில் மாறினது புரிஞ்சிருக்கும். கீழ இந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுகினு கீது. அப்பவும் வாயத் தொறக்கல. அது மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல."

சிலுவையம்மாள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பகலவன் மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் விழிப்பதைப் பார்த்தான். தனக்குப் பதில் தெரியும் என்பதும், அது எப்படித் தெரிகிறது என்பதும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

"ஜானட்டக்கா ஒயின் நல்லா இருந்திச்சி பாய். அதான் சொல்லல. கெட்டுப் போயிருந்தா அன்னிக்கே சிரிச்சிகினே சொல்லியிருப்பாங்க."

பாய் திரும்பி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையில் பகலவனுக்குக் காது சுட்டது.

சிலுவையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆமா. என்னோடத விட நல்லா இருந்திச்சி. நல்லா இருந்த வருசத்து ஒயினை விடவும். அத என் வாயால எப்டிடி சொல்வேன்?"

ஜானட் அவளையே வெறித்துப் பார்த்தாள். பிடிபட்ட அவமானமும் மகள் கல்யாணமும் அந்த நிமிடம் அவளுக்கு நினைவில் இல்லை.

"நெஜமாவாக்கா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜெரினாவின் பக்கம் திரும்பினார்.

"மேல பாதி பாட்டில் கீதாமே, எடுத்துகினு வாம்மா. குடிச்சிப் பாத்துட்டு நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லலாம்."