நானூறு கிராம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பார்த்தபோது வண்டி நானூறு கிராம் கூடியிருந்தது.

வேறு யாராவது என்றால் ஒரு கொட்டாவி விட்டு மறந்திருப்பார்கள். நண்பர்கள் முதுகுக்குப் பின்னாலும் மனைவி முகத்துக்கு நேராகவும் 'கிராம்' என்று அழைக்கும் அந்தக் காப்பீட்டு அலுவலக மேலாளருக்கோ எடை என்பது கொள்கை. இரண்டே இருக்கைகள் கொண்ட, குனிந்து வளைந்துதான் உள்ளே இறங்க வேண்டிய அந்தத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய ஒன்பது மாதங்களில், ரேடியோ, தரைவிரிப்பு, ஸ்டெப்னி, மடக்குக்கூரை என்று கைக்கு வந்ததையெல்லாம் கழற்றி எறிந்திருந்தார். பிரேக் மிதியில்கூடச் சல்லடையாக ஓட்டை போட்டாயிற்று. "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள். "வேகமாப் போனா மழை மேலே படாது" என்றார். அவர் அலுவலகம் போகும் சாலையில் எந்த வண்டியும் முப்பதைத் தாண்டியதில்லை.

ஷெட்டில் நாலு சக்கரங்களுக்கு அடியிலும் நாலு எடைத்தட்டுகள். மொத்தத்தைச் சிவப்பு எண்களில் காட்ட ஒரு சின்னப் பெட்டி. ஸ்பிரிங்கைச் சரிபார்க்கும்போது ஓட்டுகிறவர் உள்ளே இருந்தாக வேண்டும். அவரே உள்ளே உட்கார்ந்து அவரே கீழே படுத்து நட்டும் திருக முடியாதே. அதனால் தன் எடைக்குச் சரியாக எழுபத்து நாலு கிலோ மணலை மூட்டை கட்டி, தன் பழைய நீல ஓவராலுக்குள் திணித்து, ஓட்டுநர் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார். கைகள் வெறும் துணியாக ஸ்டியரிங்கின் மேல் கிடந்தன. தலை கிடையாது.

"தலையோட எடையையும் சேர்த்து வயித்துலயே போட்டுட்டேன்."

"உங்களை மாதிரியேதான்" என்றாள் மனைவி. அவளுக்கு அந்த மூட்டையைப் பிடித்துப் போயிற்று. காபி கொண்டு வந்தால் முதலில் அதனிடம் நீட்டுவாள். "இவர் பரவாயில்லை. எதுத்துப் பேசறதில்ல, எதையும் நிறுத்துப் பாக்கறதில்ல."

வண்டி அறுநூற்றைம்பது, மூட்டை எழுபத்து நாலு. 724.0 காட்ட வேண்டிய பெட்டி 724.4 காட்டியது. தட்டுகளை மாற்றிப் பார்த்தார், அதே எண். மூட்டையைத் தனியாக இறக்கி நிறுத்தார். கூடியிருந்தது மூட்டைதான். மணல் ஈரம் இழுத்திருக்கும் என்று தீர்ப்பளித்து, ஒரு டப்பாவால் நானூறு கிராமை அள்ளி, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் கொட்டினார்.

மறுநாள் காலை குளியலறைத் தராசில் ஏறி நின்றார். எழுபத்து மூன்று புள்ளி ஆறு.

அன்று அலுவலகத்தில் சர்க்கரையின் தீமைகள் குறித்து நாற்பது நிமிடம் பேசினார். கேட்டவர்களின் பதவி உயர்வு அவர் கையில் இருந்ததால் எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் மூட்டை மறுபடி கூடியிருந்தது. அள்ளினார், கொட்டினார். மறுநாள் ஒரு கிலோ, அதற்கு மறுநாள் இரண்டு. ஷெட்டில் கிரீஸ் நாற்றத்தையும் பழைய பெட்ரோல் வாடையையும் மீறி வேறொரு மணம் மெல்லப் பரவத் தொடங்கியது. அது தன்னுடைய சவரச் சோப்பின் மணம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று நாளாயிற்று.

கண்ணாடியில் அதே கன்னம், அதே தொப்பை. ஆனால் தராசு ஐம்பத்தெட்டு என்றது. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, தராசை மாற்றச் சொன்னார். அலுவலக வாசலில் ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு, ஒரு வியாழக்கிழமை அவருக்குத் திறக்கவில்லை. பின்னால் வந்த பியூனுக்குத் திறந்தது. சரளைக் கல்லில் நடந்தால் சத்தம் வரவில்லை. கட்டிலில் அவர் பக்கம் மெத்தை குழியவில்லை.

அன்று மாலை ஷெட் சுவரில் இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்தார். மூட்டையிலிருந்து அள்ளியது ஒரு பக்கம், தன்னிலிருந்து குறைந்தது மறுபக்கம். ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை.

டப்பாவைத் தூக்கி எறிந்தார். இனி அள்ளுவதில்லை.

காலையில் தராசு முப்பத்தொன்று காட்டியது.

"நான் குறைஞ்சுக்கிட்டே போறேன்" என்றார் மனைவியிடம். சமையலறையில் அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை, உரக்கச் சொன்னார்.

"ஏதோ சொன்னீங்களா?" என்றாள் அவள். ஷெட்டுப் பக்கம் பார்த்து.

மறுபடி ஞாயிறு. நாலரை மணி வெயில் ஷட்டரின் இடுக்கு வழியாகக் கீற்றுக் கீற்றாக விழுந்திருந்தது. மூட்டையைக் கிழித்து மணலையெல்லாம் இறைத்துவிடுவது என்று கத்தியோடு உள்ளே போனார். கத்தி கனத்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

ஸ்டியரிங்கின் மேல் கிடந்த கைகள் வெறும் துணியாக இல்லை.

நிரம்பியிருந்தன. மணிக்கட்டுவரை. அதைத் தாண்டியும்.

கழுத்துப் பட்டைக்கு மேலே பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கத்தியை ஓவராலில் வைத்து அழுத்தினார். துணி மடியக்கூட இல்லை. அழுத்த அவரிடம் எடை இல்லை.

கதவு திறந்தது. மனைவி.

"எத்தனை வாட்டி கூப்பிடறது? காபி ஆறுது, வாங்க."

"இங்கே இருக்கேன்" என்றார் கிராம். அவள் அவரை ஊடுருவிப் பார்த்தாள், ஓட்டுநர் இருக்கையை.

சீட் பெல்ட்டின் கொக்கி 'டிக்' என்று விடுபட்டது.

ஸ்பிரிங்குகள் முனகின. வண்டி மெல்ல மேலே எழும்பியது. சிமெண்ட் தரையில் நறநறவென்று ஓர் அடி. இன்னொன்று. சவரச் சோப்பு மணம் அவரைக் கடந்து போயிற்று.

"மெதுவாங்க" என்று அவள் சிரிப்பது வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. "படியெல்லாம் அதிருது."

அவர் காலியான இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார்.

650.0.

எழுந்து உட்கார்ந்தார். குதித்தார்.

650.0.

அவள் திரும்பி வந்தாள், கையில் துடைப்பத்தோடு. "ஒரே மணல்" என்று முணுமுணுத்துக்கொண்டு படியிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். அவர் இறங்கி ஓடி அவள் எதிரே நின்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். துடைப்பம் ஒரு வீச்சு வந்தது. தூசியோடு சேர்ந்து அவர் கால்கள் ஓரடி நகர்ந்தன. இன்னொரு வீச்சு. இன்னும் ஓரடி.

சமையலறை ஜன்னலில் நீல ஓவரால் காபியை உயர்த்திக் குடித்தது.

அவள் ஷெட்டின் பின்கதவைத் திறந்தாள். சாக்கடைப் பக்கம்.