கண்ணை மூடினால் வரும் அலை

சிரிலின் கண்கள் மூடித்தான் இருந்தன. ஆனால் தாளில் ஓடிய கோடுகளோ அவன் எதையோ உற்றுப் பார்க்கிறான் என்றன.

மூளையின் அலைகளைப் பதியும் அந்த இயந்திரத்தை இயக்குவதில் அகத்தாவுக்குப் பல வருடப் பழக்கம். தோட்டத்து மானேஜர் படுத்தாலும் சரி, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவள் படுத்தாலும் சரி, கண்ணை மூடினால் பின்மண்டைக் கம்பிகளுக்கான பேனாக்கள் சீராக ஆடி அலை எழுதும். கண்ணைத் திறந்து பார்த்தால் அலை அடங்கி, பொடிப்பொடியாகக் கிறுக்கும். பேனாச் சத்தத்தை வைத்தே கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். மூன்று மாதமாக நினைவில்லாமல் கிடக்கும் அவள் தம்பி சிரிலுக்கு இன்றுவரை இரண்டுமே வந்ததில்லை. பெரிய, மந்தமான மேடுபள்ளங்கள்தான்.

எண்பத்தெட்டாம் வருட நவம்பர் மழை, சுங்கைப் பட்டாணிக் கடைவீதியின் தகரக் கூரைகளில் மதியத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. மாடி கிளினிக்கின் அந்தச் சின்ன அறையில் ஏர்கண்டிஷன் உறுமியது. தலையில் கம்பி ஒட்டும் பசையும், ஸ்பிரிட்டும், நனைந்த செருப்பும் கலந்து நாறின. டாக்டர் அழகேசன் இங்கிலாந்திலிருந்து புதிதாகக் கொண்டுவந்த கறுப்பு வளையத்தைச் சிரிலின் தலைமேல் பிடித்திருந்தார். பொத்தானை அமுக்கினால் அது டக்கென்று ஒலிக்கும். அதன் காந்தம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளையைத் தட்டும். மூளை பதில் சொன்னால் வைத்தியம் தொடரும், சொல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

டக்.

"எதாவது தெரியுதா, அகத்தா?"

அவர் நின்ற இடத்திலிருந்து தாள் தெரியாது.

"ஒன்னும் இல்ல, டாக்டர்."

பொய். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் போய்விட வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்க இடம் கிடைத்தபோது, தம்பி படிக்கட்டும் என்று அம்மா அவளை நிறுத்தினாள், அவன் படிக்கவில்லை. அவள் கழுத்துச் சங்கிலி அவன் கழுத்துக்குப் போனது. புக்கிட் செலம்பாவ் ரோட்டில் அவன் குடித்துவிட்டுக் கவிழ்த்த கப்சாய் மோட்டார் சைக்கிள்கூட அவளுடையதுதான். "அக்கா, உனக்கு எதுக்கு இது? குடுலா" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டுவான். கோத்தா கோலா மூடாவில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் மோரிஸ், கிறிஸ்மஸுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தான். தம்பியை இப்படிப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு கல்யாணம் செய்வது? முப்பத்தைந்து வயதாகிறது. மோரிஸும் எத்தனை நாள்தான் காத்திருப்பான்?

டாக்டர் வளையத்தைக் கொக்கியில் மாட்டினார்.

"பாவம்லா. நான் கீழ போயி உங்கம்மாவுக்குப் போன் போட்டுட்டு வரேன். நீ கொஞ்சம் உக்காரு."

கதவு சாத்திக்கொண்டது. பேனாக்கள் கிறுக்கிக்கொண்டே இருந்தன. அகத்தா நாற்காலியில் சாய்ந்து, அசதியில் கண்ணை மூடினாள்.

சத்தம் மாறியது. சர்க் சர்க்கென்று, ஒரே தாளத்தில்.

கண்ணைத் திறந்தாள். தாளம் நின்றது, மறுபடியும் பொடிக் கிறுக்கல். தாளை இழுத்துப் பார்த்தாள். அவள் கண்மூடியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அழகழகான அலைகள்.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். மூடினாள். அலை. திறந்தாள். கிறுக்கல். கம்பிகள் இருப்பது அவன் தலையில். அவள் தலையில் ஒன்றுமே இல்லை.

மழை வழியும் ஜன்னலைப் பார்த்தாள். பேனாக்கள் லேசாக முணுமுணுத்தன. மெல்லத் திரும்பி, கட்டிலில் கிடந்த சிரிலின் முகத்தைப் பார்த்தாள். எல்லாப் பேனாக்களும் ஒரேயடியாகத் துள்ளின, மை தெறித்தது. ஒட்ட வெட்டிய மயிரும், கம்பிகளும், ஒட்டிப்போன கன்னமுமாகத் தான் கிடக்கும் கோலத்தை அவன் மூன்று மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறான். அவள் கண் வழியாகப் பார்க்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயத்துக்கு அடியிலிருந்து பழைய ஆத்திரம்தான் பொங்கி வந்தது.

"இதையுமாடா கேக்குற? குடுக்க மாட்டேன்."

கண்களை இறுக மூடிக்கொண்டாள். சர்க் சர்க். இயந்திரத்தின் சுவிட்ச் சுவரோரம் இருந்தது. பார்க்காமலே அணைத்துவிடலாம். அவனுக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை. மேசை விளிம்பைப் பிடித்து நகர்ந்தாள். சுவர் கைக்குச் சில்லென்று இருந்தது. சுவிட்ச் இன்னும் அகப்படவில்லை.

சத்தம் மாறியது.

பொடிக் கிறுக்கல்.

அவள் நின்றாள். கண்ணைத் திறக்கவில்லையே. இருட்டாகத்தானே இருக்கிறது. அப்படியானால் அவனே விழித்துவிட்டானா?

"சிரில்?"

கட்டில் கிரீச்சிடவில்லை. மழைச் சத்தம். பேனாச் சத்தம்.

இமைகளை இன்னும் இறுக்க நினைத்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை.

கையைத் தூக்கினாள். புருவம். அதற்குக் கீழே இமை இருக்க வேண்டும்.

விரல் ஈரத்தில் பட்டது.

வழவழப்பாக, உருண்டையாக, அகலத் திறந்திருந்தது கண். எரியவில்லை. வலிக்கவில்லை. எதுவும் தெரியவுமில்லை.

பேனாக்கள் வேகமெடுத்தன. அவள் விரலடியில் அந்தக் கண் மெல்ல உருண்டு, கதவுப் பக்கம் திரும்பியது.